காலை ஆறு பத்துக்கு வந்தவர்

அந்த மனிதரை நான் ஒரே ஒரு முறைதான் நேரில் பார்த்தேன். பொங்கல் முடிந்த வாரம், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சிற்றூரிலிருந்து மனைவியோடு எங்கள் அலுவலகப் படியேறி வந்தார். அலுவலகம் என்று பெரிதாகச் சொல்கிறேன். கள்ளக்குறிச்சியில் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறை, அவ்வளவுதான். முன்னறையில் அக்கா உட்கார்ந்து, மலையிலிருந்து வருகிறவர்களுக்குக் கூலித் தொழிலாளர் பதிவு போட்டுக் கொடுப்பார். உடன்பிறந்த அக்கா இல்லை, என்னோடு சேர்ந்து கடையை நடத்துபவர். பின்னறையில் நான் ப்ரோகிராம் எழுதுவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் என்பதால் வருகிறவர்களிடம் பேசும் வேலை அக்காவுக்கு என்று முதல் நாளே பிரித்துக்கொண்டோம்.

அன்று ரேகை மெஷின் அவர் வலது கட்டைவிரலை எடுக்கவே மாட்டேன் என்றது. விரலின் குறுக்கே பழைய அரிவாள் வெட்டு. "எங்க போனாலும் இந்த வெரலு ஒரு தொல்ல குடுத்துக்கினேதாங்க இருக்குது" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அக்கா போட்டோ எடுத்துவிட்டார். அடுத்த வாரம் அவர் மேற்கே ஏதோ எஸ்டேட்டில் மிளகு பறிக்கப் போனார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். ஊருக்கு அது ஒன்றுதான் போன்.

அந்தப் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர்கள் ஊரில் சிக்னல் கிடையாது. ரோடு வளைகிற இடத்தில் ஒரு பலா மரம், அதன் தாழ்ந்த கிளையில் மட்டும் இரண்டு கோடு வரும். அதனால் போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அந்தக் கிளையில் மாட்டியிருப்பார்கள். மரத்துக்குப் பக்கத்து வீடு அவருடையது. ராத்திரி அவர் மனைவி போனை எடுத்துப்போய்ச் சார்ஜ் போட்டு, விடிந்ததும் கொண்டுவந்து மாட்டுவார். ஊரில் எல்லோருக்கும் பதிவில் அந்த ஒரே போன் எண். அக்கா இங்கே ஒருவர் பெயரைத் திறந்தால் ஓடிபி அங்கே மரத்துக்குப் போகும். வழியில் போகிறவர் யாராவது பையிலிருந்து எடுத்து, படித்து, எங்களைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடத்துக்குள். முக்கால்வாசி நேரம் மரத்தடியில் ஆள் இருக்காது. பஸ்ஸுக்குக் காசு கொடுத்து இறங்கி வந்தவர், தன் விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று தெரியாமலே திரும்பிப் போவார்.

இதற்கு ஒரு வழி செய்கிறேன் என்று ஆடி மாதம் உட்கார்ந்தேன். வழி எளிதானது. ஒரு முறை ஓடிபி கொடுத்து உள்ளே போனால், பதிவு நடக்கும் அரசு இணையதளம் நம் கையில் ஒரு சீட்டைக் கொடுக்கும். குக்கி என்பார்கள். அடுத்த முறை அந்தச் சீட்டை நீட்டினால் போதும், நீ யார் என்று தளம் கேட்காது. இந்தத் தளத்தின் சீட்டு ஓராண்டு செல்லும். நீட்டுகிற கை யாருடையது என்று அது பார்ப்பதில்லை. சீட்டு யாருடையதோ, அவர்தான் வந்திருக்கிறார். அப்படித்தான் எழுதிக்கொள்ளும்.

ஆகவே ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு முறை ஓடிபி வாங்கி, சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வது என்று திட்டம். 'ஆள்' என்று ஒரு கிளாஸ், அதாவது ஓர் அச்சு, எழுதினேன். மலையிலிருந்து வருகிற ஒவ்வொருவரும் அதில் வார்த்த ஒரு ஆப்ஜெக்ட். ஒவ்வொரு ஆளுக்குள்ளும் அவர் பெயர், அவர் பதிவு எண், அவர் சீட்டை வைக்க ஒரு பெட்டி. நான் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் படித்தவள். அங்கே கட்டிலுக்கு அடியில் ஆளுக்கொரு டிரங்குப் பெட்டி இருக்கும், அவரவர் சாமான் அவரவர் பெட்டியில். அதே ஏற்பாடுதான். தினமும் காலை ஆறு பத்துக்கு ப்ரோகிராம் தானாக எழுந்து, நாற்பது பேர் சார்பிலும் தளத்துக்குப் போய், விண்ணப்ப நிலையை மட்டும் எடுத்து வந்துவிடும். முதல் பஸ்ஸில் வருகிறவருக்கு ஒன்பது மணிக்குப் பதில் தயார். முன்னறையில் அக்கா ஒருவர் எண்ணைப் போட்டாலும் இதே ப்ரோகிராம்தான் போய் நிலையைக் கொண்டுவரும், முழுப் பக்கத்தைத் திறக்க வேண்டி வருவது அபூர்வம்.

பிரமாதமாக ஓடியது. எல்லோருக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்று வந்தது. அதுதான் எப்போதும் வருகிற பதில் என்பதால் யாரும் அதிசயப்படவில்லை. "இப்பல்லாம் ஓடிபியே கேக்கறதில்லம்மா, சைட்டு திருந்திடுச்சு" என்றார் அக்கா. நான் பின்னறையிலிருந்து, "சைட்டு இல்லக்கா, நான்" என்று சொல்லிக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். ஒரு முறையாவது கேட்டிருக்க வேண்டுமே என்று எனக்கு உறைக்கவில்லை. அந்த முதல் முறை ஓடிபியை அக்கா வாங்கியிருப்பார் என்று நான் நினைத்தேன். அக்கா தளம் திருந்திவிட்டது என்று நினைத்தார்.

அந்த மாதம்தான் அவர் மனைவி வந்தார். மிளகு பறிக்கப் போனவரிடமிருந்து நான்கு மாதமாகத் தகவல் இல்லை. கூடப் போனவர்கள் திரும்பிவிட்டார்கள், பங்குனியிலேயே வேறு எஸ்டேட்டுக்கு மாறிவிட்டான் என்று மட்டும் சொன்னார்கள். மனைவி வந்தது விசாரிக்க அல்ல, போட்டோ பார்க்க.

"ஆதாரு போட்டோல மூஞ்சே தெரியலங்க, கரியா கெடக்குது. இங்க எடுத்தீங்களே, அதுலதான் அவரு அவரு மாதிரி இருக்காரு. ஒருக்கா காட்டுங்க" என்று அக்காவிடம் கேட்டார். அக்கா அவர் எண்ணைப் போட்டுப் பக்கத்தைத் திறந்தார். சிரிப்பு அடங்காத முகம் வந்தது. அந்தப் பெண் நெடுநேரம் பார்த்தார். நான் கதவருகே நின்றிருந்தேன். பக்கத்தின் அடியில், கடைசி வருகை என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். அக்கா அதைச் சத்தமாகப் படித்துவிட்டார்.

"இன்று காலை ஆறு பத்து."

அக்கா அந்த வரியை அழுத்தினார். பழைய வருகைகளின் பட்டியல் திறந்தது. நேற்றும் ஆறு பத்து. முந்தாநாளும் ஆறு பத்து. அதுவும் ஒரு முறை இல்லை. ஆறு பத்து, ஆறு பத்து, ஆறு பத்து, ஆறு பத்து என்று திரை கீழே போய்க்கொண்டே இருந்தது.

"இத்தினி வாட்டியா வராரு?" என்றார் அந்தப் பெண். அவர் குரலில் பயம் இல்லை. "இன்னாவோ சொல்ல வராரும்மா. சொல்லத் தெரியாம திரும்பத் திரும்ப வந்துக்கினு இருக்காரு."

பிறகு அவரே ஒன்று கேட்டார். "போனு என்கிட்டதான் இருக்குது. ரெண்டு வாரமா மரத்துல அது கூவவே இல்ல. ஓடிபி இல்லாம எப்பிடி உள்ள போவாரு?"

அந்தக் கேள்வியில் எல்லாம் இருந்தது. படித்த எனக்குப் புரியவில்லை. ஏதாவது எஸ்டேட் ஆபீஸில் கேட்டுப் போடுகிறாரோ என்னவோ என்று மழுப்பினேன். என் ப்ரோகிராம் மீது எனக்குச் சந்தேகமே வரவில்லை. ஊரில் இல்லாதவருக்காகத் தினமும் எதற்குப் பார்ப்பது என்று அவர் பெயரை நான் பட்டியலில் சேர்க்கவே இல்லை. அந்தப் பட்டியலில் அவர் இல்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் மறுபடியும் வந்தார், கொழுந்தனாரோடு. வந்ததும் கொழுந்தனார் நேராக என்னிடம்தான் வந்தார். மலைக்கு மேற்கே, வேறு மாநிலத்தில் ஒரு அரசு ஆஸ்பத்திரியில் அடையாளம் தெரியாத ஒரு உடல் இருக்கிறதாம். ஓடையில் கிடந்ததாம், முகம் சிதைந்துவிட்டதாம். வயது, உயரம் எல்லாம் ஒத்துப்போகிறது என்று போலீஸ் தகவல் அனுப்பியிருக்கிறது. வெள்ளிக்கிழமை வரைதான் வைத்திருப்பார்கள், அதற்குள் யாரும் வராவிட்டால் அங்கேயே புதைத்துவிடுவார்கள். அன்று திங்கள்.

"அண்ணி வரமாட்டேன்றாங்க மேடம். அவரு தெனம் காலைல கம்ப்யூட்டர்ல வராரு, உசிரோட இருக்கறவர பொணம்னு போய்ப் பாக்கச் சொல்றியான்னு சண்டைக்கு வராங்க. நான் மட்டும் போயி இன்னா பாத்து இன்னா சொல்றது. நீங்க படிச்சவங்க. நெசமாலுமே அவருதானா வராரு?"

இருவரும் என் முகத்தையே பார்த்தார்கள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை என் வாயில் வந்த நாள் குறைவு.

"ஓடிபி இல்லாம உள்ள போகணும்னா அவரோட சீட்டு வேணும்" என்றேன். "அது வேற யார்கிட்டயும் இருக்காது. அவராத்தான் இருக்கணும்."

அந்தப் பெண் கொழுந்தனாரைத் திரும்பிப் பார்த்தார், கேட்டுக்கொண்டாயா என்பது போல. அவர் தலையைக் குனிந்துகொண்டார். இருவரும் படியிறங்கிப் போனார்கள்.

அன்று மத்தியானமே கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. கரியாலூரிலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். அவருக்குத் தொழிலாளர் அட்டை வந்துவிட்டது என்று போனில் செய்தி வந்திருக்கிறது. எங்கள் ப்ரோகிராமோ இன்னும் பரிசீலனையில் என்கிறது. "செய்தி வந்திருந்தா வந்திருக்கும், அச்சடிச்சுப் பாத்துடலாம்" என்று அக்கா அவர் எண்ணைப் போட்டு அச்சுக்குக் கொடுத்தார். 'பரிசீலனையில்' என்று குறுக்கே அச்சான அட்டை வெளியே வந்தது.

"யம்மா" என்று அக்கா என்னைக் கூப்பிட்டார். எழுந்து போனேன். அட்டையில் கரியாலூர்ப் பெண் இல்லை. சிரிப்பு அடங்காத அந்த முகம் இருந்தது.

இன்னொருவர் எண்ணைப் போடச் சொன்னேன். அதிலும் அவர். பட்டியலிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு எண்ணைக் காட்டினேன். அதிலும் அவர். கிழவி எண்ணைப் போட்டாலும் கல்லூரிப் பெண் எண்ணைப் போட்டாலும் அவரே வந்து சிரித்தார். அக்கா எழுந்து நின்றுவிட்டார். "எனக்கு இது வேணாம்மா, நான் வூட்டுக்குப் போறேன்" என்றார். கரியாலூர்ப் பெண் அட்டையைத் தொடாமல் பின்னால் நகர்ந்தார். நான் கழுத்தில் கிடந்த ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு நிமிடம் நானும் நம்பினேன்.

பிறகு போய் என் ப்ரோகிராமைத் திறந்தேன். ஒரே ஒரு வரி. பெட்டியை உருவாக்கும் வரி ஒவ்வொரு ஆளும் பிறக்கும்போது அவருக்குள் இருக்க வேண்டும். நான் அதை மேலே, கிளாஸின் தலையில் எழுதியிருந்தேன். ஆளுக்கொரு டிரங்குப் பெட்டி இல்லை, விடுதி வராந்தாவில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பெட்டி. நாற்பது பேரும் அதையே தன் பெட்டி என்று நினைத்துத் திறந்தார்கள். அந்தப் பெட்டியில் முதலிலேயே ஒரு சீட்டு கிடந்தது. பொங்கல் வாரத்தில் இந்தச் சீட்டு எத்தனை நாள் செல்லும் என்று சோதித்துப் பார்க்க நான் ஒருவருடைய சீட்டை எடுத்து வைத்திருந்தேன். அன்று எதிரில் உட்கார்ந்திருந்தவர் அவர். ஆடியில் ப்ரோகிராமை ஓட்டிப் பார்க்க அந்தச் சீட்டையே பெட்டியில் போட்டுவிட்டு, எடுக்க மறந்திருந்தேன். சீட்டு இருக்கிறது, அப்புறம் எதற்கு ஓடிபி என்று ப்ரோகிராம் யாரையும் கேட்கவில்லை. நாற்பது பேரும் தினமும் காலை ஆறு பத்துக்கு அவராகவே உள்ளே போய் வந்திருக்கிறார்கள்.

வேறு யாரிடமும் இருக்காது என்று நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்ன சீட்டு என் மேஜைக்கு அடியில் இருந்த கம்ப்யூட்டரில் இருந்தது.

உடனே அவர்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? முதலில் பிழையைத் திருத்தினேன். வரியைக் கீழே இறக்கி ஆளுக்கொரு பெட்டி வைத்தேன். எல்லாம் சரியாக ஓடுகிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். என் கௌரவத்தை இப்படி நேர் செய்துகொள்ள ஒரு நாள் போயிற்று. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவருடைய சீட்டை அழிக்க விரலை வைத்தபோதுதான் உறைத்தது. இதை அழித்தால் நாளைக் காலை அவர் வரமாட்டார். அந்தப் பெண்ணுக்கு அவர் செத்த நாள் அதுவாகத்தான் இருக்கும். கையை எடுத்துவிட்டேன். அந்தச் சீட்டுக்கு மட்டும் தனியாக ஓர் ஆள், ஒரு பெட்டி, ஆறு பத்து என்று எழுதி வைத்தேன்.

மரத்துக்குப் போன் செய்தேன். மணி அடித்தது. மறுபடியும் செய்தேன். ஆளில்லாத ரோட்டில் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் அது அடித்துக்கொண்டே இருப்பது எனக்கு இங்கே தெரிந்தது. யாரும் எடுக்கவில்லை. புதன்கிழமை விடிந்ததும் கச்சிராயபாளையம் வழியாக மேலே போகிற பஸ்ஸைப் பிடித்தேன்.

வளைவில் இறங்கியபோது மூட்டம். ரோட்டுக்குக் கீழே சாமைக் கொல்லை இருக்கிறது என்று கண்டக்டர் சொல்லித்தான் தெரியும், கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. பலா மரத்தைக் கையால் தடவாத குறையாகத் தேடினேன். பிறகு போனை எடுத்து அந்த எண்ணை அடித்தேன். நான்கடி தள்ளி, என் தலைக்கு நேராக, ஒரு பை வெளிச்சமாகிக் கூவியது. இரண்டடி பின்னால் போனேன். அழைத்தது நான்தான் என்று தெரிந்தும்.

சத்தம் கேட்டு மூட்டத்துக்குள்ளிருந்து அந்தப் பெண் ஓடி வந்தார். பையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். "வந்துட்டாராம்மா?" என்றார்.

மரத்தடியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. பெட்டி, சீட்டு, ஒரு வரி, என் தப்பு. திங்கட்கிழமை நான் சொன்னது பொய் என்று சொன்னேன். தெரியாமல் சொன்னேன், ஆனால் பொய்.

"அப்ப காலைல வந்தது?"

"என் ப்ரோகிராம்க்கா."

"அத்தினி வாட்டியும்?"

"அத்தினி வாட்டியும்."

அவர் மரத்தில் கையை ஊன்றிக்கொண்டார். "தெனம் அந்த நேரத்துக்குப் போன மாட்ட வரேன் இல்ல. வரக்காப்பி போட்டு ஒரு டம்ளரு இங்க வேர்ல வெச்சிட்டுப் போவேன். பத்து நாளா வெக்கிறேன். திரும்பி வந்து பாத்தா டம்ளரு காலியா கெடக்கும்." "அப்ப பறவதான் வந்து குடிச்சிதா அத?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அழுவதற்கு எனக்கு அங்கே உரிமை இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"நிறுத்திட்டியா?"

"இல்லக்கா. இன்னும் இல்ல."

"நிறுத்தாத. நான் போயிப் பாக்கற வரைக்கும் வந்துக்கினு இருக்கட்டும்."

அன்று மத்தியானமே அவரும் கொழுந்தனாரும் இறங்கி, சின்னசேலத்தில் ரயில் ஏறினார்கள். வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கே அலுவலகம் போய் உட்கார்ந்தேன். ஆறு பத்துக்கு அவர் வந்தார். ஒரே ஒரு முறை. நான் எழுதியதுதான், நான் பார்த்துக்கொண்டிருந்ததுதான், ஆனாலும் உட்கார முடியாமல் எழுந்து நின்றேன்.

பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் யாருடைய எண்ணிலிருந்தோ போன் வந்தது. பேசியது அந்தப் பெண்.

"மூஞ்சி காட்டல. நானும் கேக்கல. கட்டவெரலப் பாத்தேன்" என்றார். பின்னால் யாரோ வேற்று மொழியில் பேசிக்கொண்டிருந்தார்கள். "அந்தப் போட்டோவ ஒண்ணு எடுத்து வெச்சிட்டு மூடிடும்மா."

போட்டோவை எடுத்து அச்சடித்தேன். சீட்டை அழித்தேன். பக்கத்தைத் திறந்து பார்த்தேன், நீங்கள் யார் என்று கேட்டது. மூடிவிட்டேன். அவரை ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அக்கா போனார், நான் போகவில்லை. போகத் துணிவில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் அந்தப் பெண் போட்டோ வாங்க வந்தார். கவரில் போட்டுக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு போகாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு பிளாஸ்டிக் பையிலிருந்து அந்தப் போனை எடுத்து என் பக்கம் திருப்பினார். அவர் பெயரைச் சொல்லி, உள்நுழைய ஆறு இலக்கம் என்று ஒரு செய்தி. அதற்கு மேலே இன்னொன்று. அதற்கும் மேலே இன்னொன்று. எல்லாம் காலை ஆறு பத்து.

சீட்டை அழித்தவள் அந்த ஆளை அழிக்கவில்லை. ஆறு பத்து என்று நான் எழுதி வைத்ததையும் நிறுத்தவில்லை. கையில் சீட்டில்லாமல் தினமும் காலையில் போய்க் கதவைத் தட்டியிருக்கிறார். சீட்டில்லையா, அப்போது ஓடிபி என்று தளம் மரத்துக்கு அனுப்பியிருக்கிறது. அவர் மனைவி போனை மாட்ட வருகிற நேரத்துக்கு.

"தெனம் மாட்டறப்ப கையிலியே கூவுதும்மா" என்றார். திட்டவில்லை, அதட்டவில்லை. "அஞ்சு நிமிசத்துக்குள்ள சொல்லணும் இல்ல இத. யாருக்குச் சொல்லணும்?"

நான் பின்னறைக்குப் போய் ஆறு பத்து என்ற அந்த வரியை அழித்துவிட்டு வந்தேன். அதுவரை அவர் போனைக் கையில் பிடித்தபடி காத்திருந்தார்.